பாரிஸ், பிராக், புடாபெஸ்ட்: கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் எந்த ஊர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் என் வீட்டுக்கு மூன்று மாணவர்கள் வந்தார்கள். மூவரும் இறுதியாண்டு. ஏப்ரலில் தேர்வு முடிகிறது, மே மாதம் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு ஊருக்குப் போய்வர வேண்டும். கையில் ஒரு நோட்டு. அதில் மூன்று பத்தி போட்டு பாரிஸ், பிராக், புடாபெஸ்ட் என்று எழுதியிருந்தார்கள். மூன்றுக்கும் கீழே ஹாஸ்டல் வாடகை மட்டும் இருந்தது. “எது சார் மலிவு?” என்றார்கள்.

இதே கேள்வியை மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் இரண்டு வருஷம் புடாபெஸ்டில் முதுகலை படித்தவன். அந்த ஊர் மேல் எனக்குப் பாசம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பாரிஸ்தான் சரி என்று நான் அனுப்பி வைத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊர் எது என்பது நீங்கள் யார், வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது, அங்கே யாராவது சொந்தம் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

## எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து விஷயம் பாருங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே எவ்வளவு போகிறது? விசாவுக்கு வேண்டிய காகிதம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அங்கே ஒரு நாள் இருக்க எவ்வளவு ஆகும்? என்ன சாப்பிடுவீர்கள்? காசு கொடுக்காமல் எவ்வளவு பார்க்கலாம்?

ஹாஸ்டல் வாடகை இந்த ஐந்தில் மூன்றாவதுக்குள் ஒரு சின்னப் பகுதி. எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

## ஏறுவதற்கு முன்பே போகும் பணம்

பிரான்ஸ், செக், ஹங்கேரி மூன்றும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகள். விசாக் கட்டணம் மூன்றுக்கும் ஒன்றுதான். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. மருத்துவக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். நம் பக்கத்துக்காரர்களுக்கு அது பெரும்பாலும் சென்னைதான். உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலை வேலையை முடித்து, மறுபடி இரவு ஏறினால் அறை வாடகை மிச்சம்.

விமானம்தான் பெரிய செலவு. திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. சென்னையிலிருந்து ஒரு இடத்தில் மாறிப் போய்வர, மே மாதத்துக்கு முன்கூட்டியே எடுத்தால் 55,000 முதல் 75,000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கு மட்டும் நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு: திருச்சியில் ஏறி, கொழும்பில் மாறி, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட்டாகப் போகலாம். எந்தெந்த நாளில் விமானம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு ஒரு மலிவு டிக்கெட், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு இன்னொரு மலிவு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் ஐந்தாறு ஆயிரம் குறையும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை எடுத்து மறுபடி போட அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் அதற்கும் விசா கேட்பார்கள். முதல் பயணத்தில் இதைச் செய்யவே வேண்டாம். அதே மாதிரி, விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டும் வாங்காதீர்கள்.

எல்லாம் சேர்த்து, கிளம்புவதற்கு முன்பே 85,000 ரூபாய் அளவுக்குப் போய்விடும். எந்த ஊருக்குப் போனாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. ஆறு நாளில் திரும்பினால் நாளுக்கு 14,000 ரூபாய் வெறும் போக்குவரத்துக்கும் காகிதத்துக்கும். பன்னிரண்டு நாள் இருந்தால் அது 7,000. அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு: எந்த ஊரில் உங்களால் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

## விவசாயக் குடும்பத்துக் காகிதம்

டெல்டா மாணவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வருகிறது. இதைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பயணச் செலவை ஏற்கும் அப்பாவின் வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். நம் வீடுகளில் அது இருக்காது, ஏனென்றால் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. வரி இல்லை என்பதால் குற்றமும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு காகிதம் வைத்தாக வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல், நெல் கொள்முதல் நிலையத்தில் கொடுத்த ரசீது, பணம் வரவான வங்கிக் கணக்கு ஆகியவற்றை வரிசையாக அடுக்கி, தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து, முன்னால் ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். எங்களுக்கு இத்தனை ஏக்கர், குறுவை இந்த மாதம், சம்பா இந்த மாதம், வருஷத்தில் இரண்டு முறைதான் பணம் வரும் என்று தெளிவாக எழுதுங்கள். சம்பளக்காரர் கணக்கையே பார்த்துப் பழகிய அதிகாரிக்கு, பிப்ரவரியில் ஒரே வரியில் 1,84,000 வரவாகியிருப்பது விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்டது போலத் தெரியும். அந்த வரிக்குப் பக்கத்தில் கொள்முதல் ரசீது இருந்தால் சந்தேகம் தீரும்.

இன்னொன்று. கல்லூரி உதவித்தொகைக்காக வாங்கிய வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 72,000 என்று போட்டிருக்கும். அதையும் கோப்பில் சேர்த்துவிட்டு, ஒன்றரை லட்சம் செலவழித்து ஐரோப்பா போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? இரண்டு காகிதம் இரண்டு கதை சொல்லக்கூடாது. எது உண்மையோ அதைக் காட்டும் காகிதத்தை வையுங்கள். உண்மை வருமானமே 72,000 என்றால் இந்த வருஷம் போக வேண்டாம்.

கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழும், மேற்படிப்பு அல்லது வேலைச் சேர்க்கைக் கடிதம் இருந்தால் அதுவும் வேண்டும். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சந்திப்பு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு நாட்டில் விசா வாங்கி இன்னொரு நாட்டில் போய் இறங்கி வசிப்பது சரியான வழி இல்லை.

## பாரிஸ்

சொந்தம் இல்லாமல் பாரிஸ் என்றால் மூன்றில் இதுதான் அதிகச் செலவு. சொந்தம் இருந்தால் இதுதான் குறைவு.

காரைக்கால் பக்கம் உறவு உள்ளவர்களுக்கு இது புரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் கிளம்பி, 1962-இல் ஒப்பந்தம் உறுதியானபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே பல உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸின் வடக்குப் புறநகர்களில் இருக்கிறார்கள். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் அப்படி ஒரு அத்தையோ சித்தப்பாவோ உள்ள வீடு அபூர்வம் இல்லை.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் தன் ஊர் நகரமன்றத்துக்குப் போய் ‘அத்தெஸ்தாசியோன் தக்கெய்’ என்ற வரவேற்புச் சான்று வாங்கித் தர வேண்டும். அதற்கு அவர் கட்டணம் கட்ட வேண்டும், சம்பளச் சீட்டு காட்ட வேண்டும், வீட்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சான்று கைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகலாம், பிறகு அசல் தபாலில் இங்கே வந்து சேர வேண்டும். அதனால் பொங்கலுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பலன் பெரியது. ஹோட்டல் பதிவோடு போகிறவர் நாளுக்கு 65 யூரோ கையிருப்பு காட்ட வேண்டும் என்கிறது பிரான்ஸ். பதிவு எதுவும் இல்லையென்றால் 120. வரவேற்புச் சான்று இருந்தால் 32.50 போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணமாக வராது. அத்தை வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தால் அதில் நான்கு நாள் அத்தையின் ஓரகத்தி வீட்டு விருந்து, பிள்ளையின் பிறந்தநாள் என்று போகும். வெறுங்கையோடும் போக முடியாது. ஒன்று கவனம்: வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு எதுவும் வேண்டாம். கறிவேப்பிலையும் கூடாது. அப்பளம், வற்றல், இட்லிப் பொடி, காபித் தூள் கொண்டு போங்கள்.

வாரப் பாஸ் ஒன்று உண்டு, பெயர் நவிகோ. 30 யூரோ சொச்சம். புறநகர், மெட்ரோ, விமான நிலைய ரயில் எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஆனால் அது திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. வியாழக்கிழமை இறங்கினால் பாதி வீண். திங்கட்கிழமை இறங்கும்படி டிக்கெட் போடுங்கள், விமான நிலையத்திலிருந்து வருகிற செலவும் அதிலேயே அடங்கிவிடும்.

26 வயதுக்குள் அருங்காட்சியகம் இலவசம் என்று படித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சலுகை பெரும்பாலும் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. லூவ்ரில் 2026 ஜனவரி முதல் நமக்கெல்லாம் 32 யூரோ. அதற்குப் பதிலாக நகராட்சி நடத்தும் கர்னவாலே, பெத்தி பலே இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை, எந்த நாட்டவரும் போகலாம். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

சாப்பாட்டுக் கவலை பாரிஸில் இல்லை. கார் தி நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே லா ஷப்பேல் போய்விடலாம். ஈழத்தமிழர் கடைகள் தெரு முழுக்க. தமிழில் பெயர்ப்பலகை, தோசை, கொத்து ரொட்டி, முருங்கைக்காய்கூடக் கிடைக்கும்.

## பிராக்

அழகில் குறை சொல்ல முடியாத ஊர். 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலமும், 1410-இலிருந்து நிற்கும் வானியல் கடிகாரமும், மலைமேல் கோட்டையும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கோட்டையின் முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை, உள்ளே கட்டடங்களுக்குத்தான் சீட்டு.

ஆனால் பழைய நகரத்துக்குள் எல்லாமே சுற்றுலாக்காரர் விலை. சைவச் சாப்பாடும் சிரமம். பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும் மூன்றாம் நாள் அலுத்துவிடும். நாணயம் கொருனா. நான் முதல் முறை போனபோது ஒரு நாணயமாற்றுக் கடையில் 100 யூரோ நோட்டை நீட்டினேன். ‘கமிஷன் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய 2,400 வர வேண்டிய இடத்தில் 1,900 கொருனாவை எண்ணிக் கொடுத்தார்கள். கேட்டபோது பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த விகிதத்தைக் காட்டினார்கள். பணத்தை மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து திரும்பப் பெறலாம் என்று 2019 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தபோது ஊரைவிட்டே வந்திருந்தேன். நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள். கார்டில் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. ‘ரூபாயில் கட்டவா, உள்ளூர் நாணயத்திலா’ என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம் என்று அழுத்துங்கள், மூன்று ஊரிலும்.

பிராக் எப்போது நல்லது? ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்பவர்களுக்கு. அப்போது ஸ்ட்ரஹோவ் போன்ற மாணவர் விடுதிகள் காலியாகி வெளியாருக்கு வாடகைக்கு வரும். நாலைந்து பேராகப் போகிறவர்களுக்கும், கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கும் பிராக் பொருந்தும்.

## புடாபெஸ்ட்

டன்யூப் ஆற்றைப் பார்த்ததும் நமக்கு ஊர் நினைப்பு வரும். கொள்ளிடத்தின் அகலத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருந்து வளர்ந்தவனுக்கு, ஜனவரியிலும் ஆறு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும். இக்கரை பெஸ்ட், அக்கரை புடா, 1873-இல் சேர்ந்து ஒரே நகரம். 2-ஆம் எண் டிராமில் சாதாரணச் சீட்டு வாங்கி ஏறினால் ஆற்றை ஒட்டியே போகும்; நாடாளுமன்றமும் சங்கிலிப் பாலமும் ஜன்னல் வழியே வரும். இதற்குப் படகுச் சவாரி வேண்டியதில்லை. 1896-இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலும் சாதாரணச் சீட்டில்தான்.

சாப்பாட்டில் நம் நாக்குக்கு ஒத்துவரும் இரண்டு பண்டம் உண்டு. ஒன்று ஃபேஸெலேக். பட்டாணி, பரங்கி, உருளை ஏதாவது ஒன்றை வேகவைத்து மாவு கரைத்துக் கெட்டியாக்கியது. நம் கூட்டு மாதிரி, தேங்காயும் சீரகமும் மட்டும் இல்லை. மேலே இறைச்சி வைத்துத் தருவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். இன்னொன்று லாங்கோஷ். புளிக்கவைத்த மாவைக் கையால் இழுத்து எண்ணெயில் போடுவார்கள். தட்டு அளவுக்கு உப்பி, ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் பஞ்சாக வரும். பூண்டு ஊறிய தண்ணீரைத் தூரிகையால் தடவி, மேலே புளித்த க்ரீமும் துருவிய சீஸும் தூவித் தருவார்கள். குளிர்ந்த காலையில் ஒன்று சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். சுற்றுலாக்காரர் கூடும் சந்தையில் விலை அதிகம், இரண்டு தெரு தள்ளிப் போங்கள்.

மறைந்த செலவுகள் இங்கேயும் உண்டு. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு வரும் 100இ பேருந்துக்குத் தனிச் சீட்டு, சாதாரணச் சீட்டும் பாஸும் செல்லாது. 200இ பேருந்தில் ஏறி மெட்ரோ மாறினால் சாதாரணச் சீட்டுகளே போதும். நாடாளுமன்றத்தை உள்ளே பார்க்க ஐரோப்பியருக்கு ஒரு விலை, நமக்கு அதைவிட மிக அதிகம். பெயர்பெற்ற செச்செனி வெந்நீர்க் குளமும் இப்போது 30 யூரோ அளவுக்கு வந்துவிட்டது. இந்த இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கெல்லர்ட் மலை ஏறினால் முழு நகரமும் காலடியில், கட்டணம் இல்லை.

வியன்னா ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதே விசா. ஒரு பகல் போய்விட்டு இரவு திரும்பலாம்.

## கணக்கு

யூரோவை 105 ரூபாய் என்று வைத்து, பன்னிரண்டு நாளுக்கு, மே மாதத்துக்கு நான் போட்ட கணக்கு இது. நாள் செலவில் படுக்கை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, சின்ன நுழைவுக் கட்டணங்கள் அடக்கம்.

| | பாரிஸ், ஹாஸ்டல் | பாரிஸ், சொந்தம் | பிராக் | புடாபெஸ்ட் |
|---|---|---|---|---|
| நாள் செலவு | 95 யூரோ | 35 யூரோ | 60 யூரோ | 50 யூரோ |
| 12 நாளுக்கு | 1,20,000 ரூ. | 44,000 ரூ. | 76,000 ரூ. | 63,000 ரூ. |
| முன்செலவோடு | 2,05,000 ரூ. | 1,29,000 ரூ. | 1,61,000 ரூ. | 1,48,000 ரூ. |
| சைவச் சாப்பாடு | எளிது | வீட்டுச் சாப்பாடு | சிரமம் | பரவாயில்லை |
| கூடுதல் காகிதம் | இல்லை | வரவேற்புச் சான்று | இல்லை | இல்லை |

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். கணக்கே தாக்கல் செய்யாத வீட்டுக்கு அது முடங்கிப்போன பணம்.

## யாருக்கு எது

பாரிஸில் பாசமான சொந்தம் இருந்து, சான்று வாங்கித் தர அவர்களுக்கு மனமும் இருந்தால், யோசிக்காமல் பாரிஸ். சொந்தம் இல்லாமல் முதல் முறை போகிறவர்களுக்குப் புடாபெஸ்ட். கோடையில் கூட்டமாகப் போகிறவர்களுக்குப் பிராக். ஹாஸ்டலில் தங்கிப் பாரிஸ் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், புடாபெஸ்டில் ஒன்பது இரவு, கடைசியில் பாரிஸில் மூன்று இரவு என்று பிரித்து, ஹங்கேரியிடம் விண்ணப்பியுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலிவு விமானச் சீட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் போக முடியும் என்றால் எந்த ஊரும் வேண்டாம். இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்கிறேன். வேலைக்குப் போய் ஒரு வருஷம் சேர்த்துவிட்டுப் போகலாம், டன்யூப் அங்கேயேதான் இருக்கும்.

அந்த மூவரில் ஒருவனுக்குப் பாரிஸில் அத்தை இருக்கிறார், சான்றுக்கு எழுதிவிட்டார்கள். இன்னொருவன் புடாபெஸ்ட் என்று முடிவு செய்துவிட்டான். மூன்றாமவனின் அப்பா அடுத்த வாரம் தானே வந்தார். சட்டைப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, சம்பா நெல் பணம் வரவான வரியில் விரலை வைத்து, “இதுல கை வைக்கலாமா தம்பி? ஜூன்ல நாத்து விடணுமே” என்றார். குறுவைக்கு உழவு, விதை, உரம், ஆள்கூலி எல்லாவற்றையும் இருவரும் உட்கார்ந்து எழுதிக் கழித்தோம். மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம். புடாபெஸ்டுக்கு இருபத்தெட்டாயிரம் குறைகிறது. நாளைக் குறைத்து இந்த மே மாதமே போகலாமா, அடுத்த மே வரை பொறுக்கலாமா என்று கேட்டார். பொறுக்கலாம் என்றேன். அந்த மிச்சத்தைப் பையனின் பெயரிலேயே வங்கியில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பிப்ரவரியில் விண்ணப்பிக்கும்போது அது ஒரு வருஷப் பழைய பணமாக இருக்கும்.